ஆப்கானிஸ்தான் 2009: கூடுதல் படையா, ட்ரோன்களா?

2009 அக்டோபர் 29, விடியற்காலை. ஆப்கானிஸ்தானில் இறந்த 18 அமெரிக்கர்களின் சவப்பெட்டிகள் அமெரிக்காவின் டோவர் விமானத் தளத்தில் வந்து இறங்கியபோது, அதிபர் ஒபாமா சல்யூட் அடித்தபடி நின்றார். எட்டு வருடப் போரைத் தொடர்வதா, சுருக்குவதா என்று வெள்ளை மாளிகையில் வாரக்கணக்கில் விவாதம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆப்கானிஸ்தானில் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் மெக்கிரிஸ்டல் இன்னும் சுமார் 40,000 வீரர்களைக் கேட்டார். தலிபானை விரட்டினால் மட்டும் போதாது, ஊருக்குள்ளேயே தங்கி மக்களைக் காக்க வேண்டும், பின்னாலேயே போலீஸும் பள்ளியும் நீதிமன்றமும் வர வேண்டும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க ராணுவத்தின் அன்றைய கையேடே 1,000 மக்களுக்கு 20 பாதுகாப்புப் படையினர் என்று கணக்குச் சொன்னது. அப்போது கிட்டத்தட்ட மூன்று கோடிப் பேர் வாழ்ந்த நாட்டுக்கு அது ஆறு லட்சம். 40,000 எந்த மூலைக்கு?

துணை அதிபர் பைடன் வேறு மாதிரி யோசித்தார். அமெரிக்காவைத் தாக்கியது அல்-கொய்தா, அதன் தலைவர்கள் பதுங்கியிருப்பது பாகிஸ்தானில். ஆகவே சிறப்புப் படையும் ட்ரோனும் ஆப்கன் ராணுவத்துக்குப் பயிற்சியும் போதும் என்றார். செலவு குறைவு, பெட்டிகளும் குறைவு. ஆனால் தரையில் சரியான தகவல் இல்லாமல் வானிலிருந்து அடித்தால் என்ன ஆகும் என்பதை 2021 ஆகஸ்ட் 29 காட்டியது. காபூலில் ஒரு வெள்ளைக் காரைக் குறிவைத்த தாக்குதலில் பத்து அப்பாவிகள் இறந்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள்.

காபூலில் அமெரிக்கத் தூதராக இருந்த ஐகன்பெரி, அவரும் முன்னாள் ஜெனரல்தான், ஆப்கன் அதிபர் கர்சாய் நம்பிச் சேரத்தக்க கூட்டாளி அல்ல என்று எழுதி அனுப்பினார். அந்த ஆகஸ்டில் நடந்த தேர்தலில் கர்சாய்க்கு விழுந்த லட்சக்கணக்கான வாக்குகள் மோசடி என்று தள்ளப்பட்டிருந்தன. என்னைக் கேட்டால், அந்த விவாதத்தில் மிக முக்கியமான பேச்சு இதுதான்.

டிசம்பர் 1 அன்று ஒபாமா 30,000 வீரர்களை அறிவித்தார். 2011 ஜூலையில் திரும்பப் பெறத் தொடங்குவோம் என்பதையும் அதே உரையில் சொல்லிவிட்டார். அது தவறு. கிளம்பும் தேதி தெரிந்த படையை நம்பி எந்த ஊர்க்காரர் தலிபானைக் காட்டிக்கொடுப்பார்?

முதல் சோதனை, தெற்கு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் இருக்கும் மார்ஜா. 1950களில் அமெரிக்கப் பணத்தில் வெட்டிய வாய்க்கால்கள், அவற்றின் ஓரமெல்லாம் அபின் எடுக்கும் கசகசாச் செடிகள். 2010 பிப்ரவரியில் அமெரிக்க மரீன் படையினர் அங்கே இறங்கியபோது, பாதை நெடுக வீட்டிலேயே தயாரித்த கண்ணிவெடிகள் புதைந்திருந்தன. "பெட்டியில் தயாராக ஓர் அரசாங்கம் இருக்கிறது" என்றார் மெக்கிரிஸ்டல். அப்படி எதுவும் வரவில்லை. மூன்றே மாதத்தில் அவரே மார்ஜாவை ரத்தம் கசியும் புண் என்றார்.

சரி, எது மேல்? அமெரிக்காவின் பாதுகாப்பு மட்டும்தான் குறி என்றால் பைடன் சொன்னதே சரி. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அல்-கொய்தா தலைவர் பின் லேடனைக் கொன்றது ஒரு சிறு படை. 2022இல் காபூலில் அவருக்கு அடுத்த தலைவரான ஜவாஹிரியை ட்ரோன் கொன்றபோது அமெரிக்கப் படை நாட்டை விட்டே போயிருந்தது.

ஆனால் ஆப்கன் பெண்களை யோசித்தால் இரண்டு வழிக்கும் என்னால் மதிப்பெண் போட முடியவில்லை. மார்ஜாவில் சண்டை நடந்த 2010 மார்ச்சில் காபூலில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சிறுமி, 2021 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்திருப்பாள். அடுத்த மாதம், ஆட்சியைப் பிடித்திருந்த தலிபான் உயர்நிலை வகுப்புகளைத் திறந்தது, பையன்களுக்கு மட்டும்.