ரோட்டுச் சண்டை வழக்கா, காயப்படுத்தல் வழக்கா?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இரண்டு பெடியள் அடிபட்டால், பொலிஸ் எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறது என்பதிலேயே அவர்களின் நிலை மாறிவிடும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 156ஆம் பிரிவுப்படி, இருவரோ அதற்கு மேற்பட்டோரோ பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைப்பது குற்றம். யார் தொடங்கியது என்று வாதாடினாலும், மாறி மாறி அடித்திருந்தால் இருவருமே எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். ஒரு மாதம் வரை சிறை கிடைக்கலாம். அதே சண்டை வீட்டு வளவுக்குள் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது.

314ஆம் பிரிவு, அதாவது வேண்டுமென்றே காயப்படுத்துதல், இடத்தைப் பார்ப்பதில்லை. அடித்தவர் எதிரி, அடிவாங்கியவர் பாதிக்கப்பட்டவர். சிறை ஒரு வருடம் வரை. சிறு காயமென்றால் மத்தியஸ்த சபையில் சமாதானமாகவும் முடியலாம். ஆனால் ஒரு பல் உடைந்தாலே அது கடுங்காயம். 316ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை போகும். பெடியளுக்கு இது தெரியாமலிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அடிவாங்கியவர் திருப்பி அடிக்கப் போகாமல், உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து, போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியிடம் காயத்தைப் பதிவு செய்யட்டும். நீதவான் முன் அந்த அறிக்கைதான் பேசும்.