அடைக்கோழி, கரு முட்டை என்று சேர்த்து விற்றால் உஷார்

'அடைக்கோழியும் 12 கரு முட்டையும், 21ஆம் நாள் குஞ்சு' என்று விற்றவரிடம் வாங்கியதன் கணக்கு இது. அடைக்கோழி என்றால் குஞ்சு பொரிக்க முட்டை மேல் உட்காரும் கோழி, கரு முட்டை என்றால் சேவல் சேர்ந்து இட்ட முட்டை. கோழி மறுநாளே முட்டையை விட்டு இறங்கிவிட்டது. முட்டைகளை வேறொரு அடைக்கோழிக்கு மாற்றி, 7ஆம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் 9 வெறும் முட்டை, நரம்போட்டமே இல்லை. மீதி மூன்றில் ரத்த வளையம், அதாவது கரு பாதியில் செத்திருக்கிறது. இந்த மூன்றை இடமாற்றம் கெடுத்திருக்கலாம், விட்டுவிடுவோம். ஒன்பதுக்கு அந்தச் சாக்கு செல்லாது. கேட்டால் "உங்க கைராசி" என்கிறார்.

கோழியைக் கூடையில் மூடித்தான் காட்டினார். இருட்டில் எந்தக் கோழியும் அடங்கித்தான் உட்காரும். திறந்து, அடியில் கையை விடுங்கள். அடைக்கோழி என்றால் இறகைச் சிலிர்த்து, கொர்ரென்று உறுமி, கொத்த வரும். வயிறு முடி உதிர்ந்து சூடாக இருக்கும். சத்தமில்லாமல் கண் சொருகி உட்கார்ந்திருந்தால், கொண்டை வெளுத்து நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால், அது சீக்குக்கோழி. வாங்கி வந்து மற்ற கோழிகளோடு விட்டால் மொத்தமும் போகலாம்.

நல்ல அடைக்கோழியே இடம் மாறினால் அடை கலையும், அதை விற்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரவில் மாற்றி, இரண்டு நாள் பொய் முட்டையில் உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் நல்ல முட்டை வைக்கணும்.

முட்டையில்தான் பெரிய ஏமாற்று. "கரு தெரியுது பாருங்க" என்று அவர் டார்ச்சில் காட்டியது மஞ்சள் கருவின் நிழல். அடைக்கே வைக்காத முட்டையில் கரு கூடியிருக்கிறதா என்று டார்ச்சில் தெரியவே தெரியாது. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் கரு மேல் வெள்ளைப் புள்ளியும் சுற்றி வளையமும் இருந்தால் சேவல் சேர்ந்தது. வளையமில்லாத சின்னப் புள்ளி என்றால் சேவல் சேராதது. ஒரு முட்டைக்கு அஞ்சுபவரிடம் பன்னிரண்டை வாங்காதீர்கள். இட்டு 7 நாளுக்கு மேலானால் பொரிப்பு குறையத் தொடங்கும், கழுவியதும் பிரிட்ஜில் வைத்ததும் வேண்டாம்.

கடைசியாக 'அடைக்கு உட்கார வைக்கும் சொட்டு மருந்து' ஒன்றையும் தள்ளப் பார்த்தார். வாங்காதீர்கள். அடை என்பது உடம்புக்குள் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதால் வருவது. இருட்டான கூடும், எடுக்காமல் விட்ட முட்டையும் அதைத் தூண்டும், அவ்வளவே. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கோழிகளில் அந்தக் குணத்தையே பெரும்பாலும் கழித்துத்தான் இனம் எடுத்திருக்கிறார்கள், அவை அதற்கும் உட்காருவது அபூர்வம்.