கோவையில் ஒரு பழைய எம்.ஜி.ஏ. காருக்கு ஐட்லிங் சரிசெய்த அனுபவம்

விடுமுறைக்கு பர்மிங்காமிலிருந்து கோவைக்கு வந்திருந்தபோது, பெரியப்பாவின் 1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது. எஞ்சின் சூடேறியதும் ஐட்லிங், அதாவது வண்டி நிற்கையில் எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருப்பது, நிலைக்காமல், சிக்னலுக்குச் சிக்னல் வண்டி அணைந்துகொண்டிருந்தது. முதலில் போன இடத்தில், பழைய கார்களுக்கென்றே நடத்தும் பட்டறை என்று பலகை வைத்திருந்தும், ஐட்லிங் ஸ்க்ரூக்களை முறுக்கி வேகத்தை நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி அணைவது நின்றது. ஆனால் இந்தக் காரின் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் கிடையாதாகையால் கியர் போடும்போதெல்லாம் பற்கள் கரகரத்தன, சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கிச் சிறிது நேரம் ஓடியது.

பிறகு கோவையின் கணபதிப் பகுதியில் அம்பாசடர் பார்க்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனோம். ஸ்போர்ட்ஸ் காருக்கு அம்பாசடர்காரரா என்று பெரியப்பா தயங்கினார். ஆயினும் எம்.ஜி.ஏ. 1500இல் இருப்பது, பழைய பெட்ரோல் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய அதே 1,489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் குடும்பம்தான், இதில் கூடுதலாக இருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் இரட்டையாக இருப்பது.

“ஸ்க்ரூவைக் கடைசியாப் பாத்துக்கலாங்க, மொதல்ல காத்து எங்க பூருதுன்னு பாக்கோணும்” என்றார் அவர். வால்வுகளுக்கான டேப்பெட், தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி, டைமிங் எல்லாம் சரிபார்த்துவிட்டு, ஓடும் எஞ்சினில், கார்புரேட்டரின் காற்றுத் தகட்டைத் திருப்பும் அச்சான திராட்டில் ஸ்பிண்டிலின் ஓரங்களில் கிளீனரைத் தெளித்தார். பின்பக்கக் கார்புரேட்டரில் தெளித்த மாத்திரத்தில் எஞ்சின் சத்தம் மாறிற்று. பித்தளை ஸ்பிண்டில் தேய்ந்து அந்த இடுக்கு வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் இதற்குத் தபாலில் உதிரிபாகம் வரவழைத்திருப்பேன். இங்கோ அடுத்த தெரு லேத்தில் புதுப் புஷ்ஷும் ஸ்பிண்டிலும் மறுநாளே கடைந்து வந்தன.

அதன் பிறகுதான் ஐட்லிங். இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு காற்றுவாயிலும் வைத்து, இரண்டிலும் உறிஞ்சும் ஓசை ஒன்றாகும்வரை ஸ்க்ரூக்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பிறகு திருப்புளி நுனியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைச் சற்றே தூக்கினார்: வேகம் ஏறி அப்படியே நிலைத்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், உடனே அணையப் பார்த்தால் குறைவு. பெட்ரோல் குறைவாகவே இருந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் அப்படித்தான் ஆகும் என்று சொல்லி, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டைச் சிறிது கீழிறக்கினார். கடைசியில் 800 சுற்றில் நிறுத்தினார்.

லேத் செலவு போகக் கூலி மூவாயிரம் ரூபாய். எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்கள் அவரிடம் இல்லை. அவற்றைப் பர்மிங்காமிலிருந்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன், அதுவரை டேங்கை நிரப்பி வண்டியைச் சும்மா நிறுத்திவைக்கக் கூடாது என்று மெக்கானிக் பெரியப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.