தடுப்பூசிப் பெட்டிக்குத் தெர்மாமீட்டரா, லாகரா, சிம் கருவியா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். (பனிக்கட்டிச் சுவர் கொண்ட குளிர்சாதனப்) பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்வரை இருக்க வேண்டும். கரண்ட் போய் மருந்து சூடாகிவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். ஆனால் உறைந்துபோவதுதான் பெரிய வில்லங்கம். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. ஆகிய தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. ஒரு தடவை உறைந்தால் அது திரிதிரியாகிவிடும். பிறகு உருகினாலும் வீரியம் திரும்பாது, பார்த்தால் சட்டென்று தெரியவும் செய்யாது. ஆகவே பெட்டியின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் தெர்மாமீட்டர், லாகர் (வெப்பநிலையைத் தானே பதியும் கருவி), சிம் கருவி மூன்றையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான்.

தெர்மாமீட்டரும் லாக் புக்கும் மலிவு. பேட்டரி வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஞாயிறானாலும் எழுத வேண்டும். மாலை நான்கு மணிக்கு எழுதியவர் மறுநாள் ஒன்பதுக்கு வந்தால் நடுவே 17 மணி நேரம். அதற்குள் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே போய்த் திரும்பியிருந்தால் முள்ளுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், மாதம் முழுக்க 4, 4, 5, 4 என்று ஒரே பேனா மையில் நிரம்பிய பக்கத்தை நம்பவும் மனசு வராது.

30 நாள் லாகர் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. ஒவ்வொரு நாளின் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் தானே பதிந்துவைக்கும். வழக்கமான அமைப்பில், 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் போனாலோ, மைனஸ் 0.5-க்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்தாலோ அலாரம் காட்டும். குறை என்னவென்றால், அதைப் பார்க்க ஆள் பெட்டிக்குப் பக்கத்தில் வர வேண்டும். பல மாடல்களில் பேட்டரி தீர்ந்தால் கருவியையே மாற்ற வேண்டியதுதான்.

சிம் பொருத்திய கருவி ஆளைத் தேடி வரும். இந்தியாவில் 2015-ல் தொடங்கிய இ-வின் என்ற தடுப்பூசி இருப்பு, வெப்பநிலைக் கண்காணிப்புத் திட்டத்தில் இந்த வகைதான். பெட்டி எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் போனுக்கே செய்தி போகும். மாவட்டக் கிடங்குக்கு இதைவிட நல்லது இல்லை: சரக்கு அதிகம், ராத்திரியே ஜெனரேட்டர் போட ஆளும் உண்டு. சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரிலோ, மாற்றலாகிப்போன பார்மசிஸ்ட்டின் நம்பரே இன்னும் பதிவில் இருக்கும் இடத்திலோ, செய்தி யாருக்குப் போய் என்ன பயன்?

சிறிய நிலையத்துக்கு என் ஓட்டு 30 நாள் லாகருக்கே. தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். லாகர் கைவிட்டால் அதுதான் கை கொடுக்கும்.

குப்பியில் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். லேபிள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நடுச் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்தால் அந்தக் குப்பியைத் தூக்கிவிடலாம். ஆனால் அது சொல்வது பட்ட சூட்டை மட்டும். உறைந்த குப்பியிலும் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். லாகர் உறைபனி அலாரம் காட்டியிருந்தால், சந்தேகமுள்ள குப்பியைக் குலுக்கி வைத்து, வண்டல் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.