மதுரை வரைக்கும் எடுக்காத கை

பெரியப்பச்சியின், அதாவது பெரியப்பாவின், சாந்திக் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் போயிருந்தேன். விழாவைப் பற்றி எழுத இப்போது மனசில்லை. அதற்கு நாலு நாள் முந்தி எங்கள் வளவு வீட்டில் நடந்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருந்த பெல்ஜியம் கண்ணாடியைத் துடைக்க இறக்கினார்கள். கை நழுவி உடைந்ததில் ஒரு சில்லு தம்பியின் இடது கழுத்தில், தாடைக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சியது. ஒருத்தர் காப்பித்தூளோடு ஓடி வருகிறார், இன்னொருத்தர் துண்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கப் பார்க்கிறார். நான் துண்டைப் பிடுங்கிச் சுருட்டிக் காயத்தில் அழுத்திக்கொண்டு 108-க்குப் போன் போடச் சொன்னேன்.

வண்டியில் வந்தது ஒரு சின்னப் பொண்ணு. துண்டை எடுத்துவிட்டுக் காயத்துக்குள் பஞ்சுத்துணியைத் திணித்து, இரண்டு விரலால் அந்த ஒரே இடத்தில் அழுத்தினாள். "சுத்திக் கட்டினா மூச்சு அடைச்சிரும் ஆச்சி" என்றாள். குரல் கம்முகிறதா, வீக்கம் பெருக்கிறதா என்று பார்க்க அவனைப் பேச வைத்துக்கொண்டே வந்தாள்.

தெரிந்த டாக்டர் என்று வீட்டார் வற்புறுத்தியதால் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நிறுத்தினோம். "போலீஸ் கேஸ் ஆகுமே, முன்பணம் கட்டிட்டீங்களா?" முதல் கேள்வியே அதுதான். அவசரத்தில் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதலில், போலீஸ் நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. பிறகு வந்த டாக்டர், காயத்தைப் பார்க்கணும், துணியை எடு என்கிறார். "தியேட்டர் தயாரா இருந்தா எடுக்கிறேன் சார்" என்று அவள் மறுத்துவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கட்டி உறைந்த ரத்தத்தை அங்கே பிடுங்கியிருந்தால் பிள்ளை போயிருப்பான்.

கடைசியில் மதுரைக்குத்தான் போனோம். சிங்கப்பூரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே 50 கிலோமீட்டர்தான். இங்கே கழுத்து அறுந்தவனோடு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துப் பக்கத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகத்தையே கொண்டுவந்த மண்ணுக்கு, இப்படியொரு காயத்தைப் பார்க்கும் ஆஸ்பத்திரி ஏன் வாய்க்கவில்லை?

ஸ்கேனில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கிழிசல் தெரிந்தது. கழுத்தை மூன்று பகுதியாகப் பார்ப்பார்களாம். இவனுக்கு நடுப்பகுதி, நேராகத் திறந்து தைக்கலாம். கீழே என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம், மேலே மண்டையோட்டுக்கு அடியில் என்றால் கத்தி எட்டுவதே கஷ்டம் என்றார் சர்ஜன். தொடையிலிருந்து சிரை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். ரத்தக்கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம் வரும் என்பதால் ராத்திரி முழுக்க அவனை எழுப்பி எழுப்பி, "வலது கையை இறுக்கிப் பிடி, உன் பேரச் சொல்லு" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

அன்று தியேட்டர் வாசலில் சர்ஜன் தன் விரலை வைத்த பிறகுதான் அந்தப் பொண்ணு கையை எடுத்தாள். விரலை மடக்க முடியவில்லை. என் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன், அடுத்த அழைப்பு வந்து போய்விட்டாள்.