பாதி விலை மிட்டுடோயோவா, டீலர் பில்லா, பெயரில்லாத காலிப்பரா?

வீட்டுப் பட்டறைக்கு வாங்கும் முதல் நுண்ணளவுக் கருவி பெரும்பாலும் 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர்தான், அதாவது பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து அளவைத் திரையில் காட்டும் கருவி. கடைக்காரர்கள் இதை டிஜிட்டல் வெர்னியர் என்பார்கள். உள்ளே வெர்னியர் ஸ்கேல் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தேடினால் மூன்று வகை எதிரே நிற்கும். ஜப்பானிய நிறுவனமான மிட்டுடோயோவின் 500-196-30 மாடலை அங்கீகரிக்கப்பட்ட டீலர் முழு விலைக்குத் தருவது ஒன்று. ஆன்லைனில் அதே மாடல் எண், அதே பெட்டியோடு பாதிக்கும் குறைவான விலையில் வருவது இரண்டாவது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயர் தெரியாத சீனக் காலிப்பர் மூன்றாவது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் இருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் மூன்றாவது. இரண்டாவதை எந்த விலைக்கும் தொடாதீர்கள். காரணம், போலிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது மூன்றாவதின் சர்க்யூட்தான். அதே பொருளுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்து, கூடவே இல்லாத ஒரு நம்பிக்கையையும் வாங்கி வருகிறோம்.

பெட்டி, எழுத்துரு, ஸ்டிக்கர், சோதனைச் சான்றிதழ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பழைய போலிகளில் எழுத்துகள் கோணலாக இருக்கும். இப்போது வருபவற்றில் அச்சு நன்றாகவே இருக்கிறது. எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். மிட்டுடோயோவுக்கு ஜப்பான் தவிர பிரேசிலின் சுசானோவிலும் ஆலை இருக்கிறது. பிரேசில் என்று போட்டிருந்தால் அதனாலேயே அது போலி ஆகிவிடாது.

தீர்ப்பைச் சொல்வது ஸ்கேல். அச்சை நகலெடுக்கலாம், ஸ்கேலுக்குள் இருக்கும் என்கோடரை, அதாவது தாடையின் இடத்தை எண்ணாக மாற்றும் பகுதியை, மலிவாக நகலெடுப்பது கடினம். 500-196-30இல் இருப்பது மின்காந்தத் தூண்டலில் இயங்கும் அப்சல்யூட் என்கோடர். தாடை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அது ஸ்கேலைப் பார்த்தே படித்துக்கொள்ளும். மலிவுக் காலிப்பர்களில் பெரும்பாலானவை 5.08 மி.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் மின்தேக்கிப் பட்டைகளை எண்ணிக்கொண்டே போகும். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் அதற்குப் பிந்தைய அளவுகள் அத்தனையும் தவறுதான். தாடையை வேகமாக இழுத்து மூடும்போது பூஜ்யம் 0.00க்குத் திரும்பாமல் போவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை வெளியே கொண்டுவர ஒரு எளிய சோதனை உண்டு. பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். ஒரிஜினலில் திரையில் கோடுகள் மட்டும் வரும். தாடைகளை மூடி, ஆரிஜின் பொத்தானை ஒரு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் 0.00 வந்து வேலை தொடங்கும். போட்ட உடனேயே ஏதோ ஒரு எண்ணைக் காட்டி எண்ணத் தொடங்கினால் அது எண்ணும் வகை, அதாவது போலி. அணைத்துவிட்டுத் தாடையை நகர்த்தி மறுபடி போட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். மலிவுக் காலிப்பர் பலவும் திரை அணைந்திருக்கும்போதும் உள்ளே எண்ணிக்கொண்டே இருப்பதால் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஜீரோ/ஏபிஎஸ் என்று எழுதிய பொத்தான் இருப்பதையும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அதைப் போன்ற பொத்தான் மலிவு வகையிலும் வருகிறது.

அணைந்த நிலையிலும் எண்ணும் இந்தப் பழக்கம்தான் பேட்டரியைத் தின்கிறது. 20 மைக்ரோ ஆம்பியர் தொடர்ந்து ஓடினால், 120 மில்லி ஆம்பியர் மணி கொண்ட எல்ஆர்44 பட்டன் பேட்டரி ஏறக்குறைய எட்டு மாதத்தில், நீங்கள் தொடாமலேயே தீர்ந்துவிடும். ஒரிஜினலுக்கு அதே அளவுள்ள எஸ்ஆர்44 பேட்டரி, சாதாரணப் பயன்பாட்டில் சுமார் 3.5 ஆண்டு என்கிறது தயாரிப்பாளர் கணக்கு. புதிய பெட்டியில் எல்ஆர்44 இருந்தால் சந்தேகப்படுங்கள். அதை மட்டுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். கடையில் யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம்.

அடுத்தது அளவுச் சோதனை. இதற்கென்றே உள்ள துல்லிய அளவுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் செட் வீட்டில் இருக்காது. நல்ல பிராண்ட் பேரிங்கை பில்லோடு வாங்கினால் போதும். பேரிங்கிலும் டூப்ளிகேட் உண்டு என்பதால் பேரிங் டீலரிடமே வாங்குங்கள். 6001, 6202, 6204 மூன்றின் வெளிவிட்டம் முறையே 28, 35, 47 மி.மீ. சாதாரணத் தரத்தில் முதலாவது 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையும், மற்ற இரண்டும் 11 மைக்ரான் வரையும் குறையலாம். கூடுதலாக இருக்கக் கூடாது. காலிப்பருக்கு ±0.02 பிழை சேர்த்தால் 6204 பேரிங் 46.97க்கும் 47.02க்கும் நடுவில் வர வேண்டும். மூன்று அளவு எதற்கென்றால், எண்ணும் வகையில் பிழை 5.08 மி.மீ.க்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஒரே அளவை வைத்துப் பார்த்தால் அது ஒளிந்துகொள்ளும். இந்த மூன்றும் அந்தச் சுற்றில் வெவ்வேறு இடங்களில் விழுகின்றன. உள்விட்டத்தையும் அகலத்தையும் வைத்துச் சோதிக்காதீர்கள். உள்தாடைகளின் முனை தட்டையாக இருப்பதால் சிறிய துளை எப்போதும் குறைவாகக் காட்டும். அகலத்துக்கோ தரநிலையே 0.12 மி.மீ. வரை குறைய அனுமதிக்கிறது.

பேரிங்கைத் தாடையின் அடியில் ஒருமுறை, நுனியில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். 0.01க்கு மேல் வித்தியாசம் வந்தால் தாடை இணையாக இல்லை, அல்லது ஸ்லைடு தளர்ந்திருக்கிறது. பின்புறத் திருகை இறுக்கித் தளர்வைச் சரிசெய்யலாம், வளைந்த தாடையைச் சரிசெய்ய முடியாது. மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில மைக்ரான் இடைவெளிகூட ஒளிக்கோடாகத் தெரியும்.

புதிதாக இருக்கும்போது போலியும் இந்த அளவுச் சோதனையில் தேறலாம். அதனால் பேட்டரிச் சோதனையை முதலில் செய்யுங்கள். நாளை அதையும் நகலெடுக்க வழி கண்டுபிடிக்கலாம். அதனால்தான் டீலரின் ஜிஎஸ்டி பில்லுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை. பில் இருந்தால் பழுதுக்கும் கேலிப்ரேஷனுக்கும் போக இடம் இருக்கிறது, விற்க நினைத்தாலும் வாங்குபவர் கேள்வி கேட்க மாட்டார்.

மூன்றாவது வகையை இளப்பமாக நினைக்காதீர்கள். 3டி பிரின்ட், மரவேலை, பைப் அளவு, டிரில் பிட் அடையாளம் காண்பது எல்லாவற்றுக்கும் அது போதும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஒவ்வொரு அளவுக்கு முன்னும் தாடையை மூடிப் பூஜ்யம் பாருங்கள். லேத்தில் பேரிங் உட்காரும் இடத்தைக் கடைவதென்றால் இரண்டு காலிப்பருமே போதாது. 0–25 மி.மீ. அளக்கும் சாதாரண மைக்ரோமீட்டர் (ஸ்க்ரூ கேஜ்) கருவி தேவை. அதில் பேட்டரி இல்லாததால் மேலே சொன்ன முதல் சோதனை உதவாது. அதை நேராக டீலரிடமே வாங்குங்கள்.

பேட்டரித் தொல்லையே வேண்டாம் என்பவருக்கு மிட்டுடோயோ 530-312 போன்ற சாதாரண வெர்னியர் நல்ல தேர்வு. லீஸ்ட் கவுன்ட், அதாவது படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ., பிழை ±0.03 மி.மீ. கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.