ராத்திரி ஃபர்னஸ் நின்றால்: உடனே ஆளைக் கூப்பிடுவதா, விடியட்டும் என்று இருப்பதா?

போன ஜனவரியில், கனடாவின் மிசிசாகாவில் எங்கள் டவுன்ஹவுஸைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் படுக்கப்போகிற நேரத்தில் நின்றுவிட்டது. அவசர சேவையை அழைக்காமல் காலைவரை பொறுத்தோம். அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும், எல்லா இரவுக்கும் அது பொருந்தாது.

இரண்டு விஷயங்களில் யோசிக்கவே கூடாது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எரிவாயு கசிகிறது. எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து எரிவாயு தரும் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் அவசர எண்ணையோ 911-ஐயோ அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறினாலும் அப்படியே. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் அலாரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மற்றபடி வெறுமனே சூடு வரவில்லை என்றால்தான் இந்தக் கேள்வியே. ஆளைக் கூப்பிட்டால் அன்றிரவே வீடு சூடாகலாம். ஆனால் இரவிலும் வார இறுதியிலும் கட்டணம் கூடுதல். வருகிறவர் வண்டியில் நம் மாடலுக்கான பாகம் இல்லாவிட்டால், பார்த்ததற்குப் பணம் வாங்கிக்கொண்டு "காலையில் வருகிறேன்" என்பார்.

எனக்கு முடிவைச் சொன்னது ஒன்றே ஒன்று: வீடு எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பது. தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 20 டிகிரியிலிருந்து மணிக்கு ஒன்று இறங்கினால், இரவு 11-லிருந்து காலை 7-க்குள் 12-க்கு வரும். கம்பளிக்குள் திடமானவர்கள் சமாளித்துவிடலாம். மணிக்கு இரண்டு இறங்கினால் கணக்குப்படி 4. போகப்போக இறக்கம் கொஞ்சம் மந்தப்படும்தான், ஆனால் அதை நம்பிப் படுக்க வேண்டாம், கூப்பிட்டுவிடுங்கள்.

காரணம் தண்ணீர்க் குழாய். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் வீட்டின் உட்சுவரில் இருக்கும். சிங்க் அடியில் வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய் அதைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கலாம், உறைந்தது உருகும்போதுதான் வெள்ளமே தெரியும். தரை, சுவர், பேஸ்மென்ட் என்று ஆகிற செலவுக்கு முன்னால் இரவுக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் இருப்பதால் டவுன்ஹவுஸ் மெதுவாக ஆறும். பழைய தனி வீடு சீக்கிரம் ஆறும், காற்றடித்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் வீட்டில் மணிக்கு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. அதனால்தான் சிங்க் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, குழாயில் தண்ணீரை நூலாக ஒழுகவிட்டுப் படுத்தோம். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்ப முடியாவிட்டால் கட்டணத்தைப் பார்க்காதீர்கள்.

எந்த முடிவுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடலாம்: ஃபர்னஸ் பக்கத்து சுவிட்ச் (லைட் சுவிட்ச் மாதிரியே இருப்பதால் யாராவது அணைத்திருப்பார்கள்), தெர்மோஸ்டாட் பேட்டரி, அடைத்துப்போன ஃபில்டர், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களின் வாயில் பனி. ஃபர்னஸை ஒரு தடவை அணைத்து மறுபடி போடலாம். திரும்பத் திரும்ப வேண்டாம். பற்றவைக்க முடியாதபோது ஃபர்னஸ் தன்னைப் பூட்டிக்கொள்வது பாதுகாப்புக்காகத்தான். எங்களுடையது பற்றிக்கொண்ட சில நொடிகளில் அணைந்தது. காலையில் வந்தவர் தீயை உணரும் கம்பியைக் கழற்றித் துடைத்தார், ஓடியது.

ஸ்பேஸ் ஹீட்டர் ஓர் அறைக்குப் போதும். 1500 வாட் இழுப்பதால் எக்ஸ்டென்ஷன் வயரில் போடாமல் நேரே சுவர் பிளக்கில் போட்டு, படுக்கையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கேஸ் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காய்வது கார்பன் மோனாக்சைடை நாமே வரவழைப்பது.

நான் பழகியது எரிவாயு ஃபர்னஸ் மட்டும். ஆயில் ஃபர்னஸ், ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் பழுதைத் தேடும் விதம் வேறாக இருக்கும். மைனஸ் 25 மாதிரி இரவில் நானும் காத்திருந்ததில்லை, அப்படி ஓர் இரவு வந்தால் முதலில் போனைத்தான் எடுப்பேன். இரவோ பகலோ, ஒன்டாரியோவில் எரிவாயுச் சாதனத்தைத் தொடுகிறவரிடம் டிஎஸ்எஸ்ஏ (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கதவைத் திறங்கள்.